விடிந்ததும் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள்: உறைபனியில் கருகிய செடிகள், கேள்வி பதில்

தேவிகுளம் பக்கம் பாலிதீன் குடில் போட்டு ஆர்க்கிட், ஆந்தூரியம், அலோகேசியா, ஹோயா என்று வெப்பநாட்டுச் செடிகள் வளர்க்கிறேன். 2019 ஜனவரியில் மூணாறு மலையில் அடுத்தடுத்து உறைபனி விழுந்தபோது, பன்னிரண்டு வருஷம் சேர்த்த செடிகள் நாலே ராத்திரியில் கருகிப் போயின. அன்று நான் செய்த தவறுகளை இன்னொருவர் செய்யக்கூடாது என்பதற்காகத்தான் பனிக்காலத்தில் வரும் கேள்விகளுக்கு உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். இந்த வாரம் வந்தவை கீழே.

அண்ணே, காலையில குடிலைத் திறந்தா எல்லா இலையும் வேகவச்ச கீரை மாதிரி தொங்குது. எதை வெட்டணும், எதைத் தூக்கிப் போடணும்? (செண்டுவாரை)

தம்பி, இன்றைக்கு எதையும் வெட்டாதே. முதல் வேலை, கிழக்குப் பக்கம் வெயில் நேரே விழாதபடி சாக்கையோ நிழல்வலையையோ கட்டு. உறைந்த இலைமேல் சுள்ளென்று வெயில் பட்டால் சேதம் கூடும். மெதுவாக இளகட்டும்.

நீ பார்ப்பது என்னவென்றால், இலைக்குள் செல்களுக்கு நடுவில் இருக்கிற நீர் முதலில் பனிக்கட்டியாகிறது. அது செல்லுக்குள் இருக்கும் நீரையும் வெளியே இழுக்கும். செல் வற்றி, அதன் தோல் கிழிந்துவிடும். இளகியதும் உள்ளே இருந்ததெல்லாம் வெளியே கசிவதால்தான் இலை நீர் கோத்தது போலக் கண்ணாடியாகத் தெரிகிறது. அந்த இலை திரும்பாது. ஆனால் இலை செத்ததும் செடி செத்ததும் ஒன்றல்ல. எதுவரை செத்தது என்று தண்டு காட்டுவதற்கு இரண்டு மூன்று வாரமாவது ஆகும். நான் 2019-ல் மூன்றாம் நாளே வெட்டித் தள்ளினேன். குப்பைக்குழியில் வீசிய அலோகேசியாக் கிழங்குகள் கோடை மழைக்கு அங்கேயே முளைத்து நின்றன. அதைப் பார்த்தபோது பட்ட வேதனை, செடி கருகிய அன்றுகூட இல்லை.

அழுகி வழிகிற இலையை மட்டும் கையால் எடுத்துவிடு. தண்ணீரைக் குறை. உரம் வேண்டவே வேண்டாம்.

வெளியில பலாமரத்துக்கு அடியில இருந்த செடி தப்பிச்சிருக்கு, பாலிதீனுக்குள்ள இருந்தது போயிடுச்சு. இது எப்படி சார்? (வட்டவடை)

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்திருந்தால் என் செடிகளில் பாதி தப்பியிருக்கும்.

மண்ணும் தொட்டியும் இலையும் பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி முழுக்க வானத்தை நோக்கி விட்டுக்கொண்டே இருக்கும். மேகம் இருந்தால் அது கொஞ்சம் திருப்பித் தரும். ஜனவரியில் நட்சத்திரம் பளிச்சென்று தெரிகிற, காற்று அசையாத ராத்திரியில் திருப்பித் தர மேலே ஒன்றுமில்லை. கண்ணாடி அந்தச் சூட்டைத் தடுக்கும். சாதாரண பாலிதீன் ஷீட் தடுக்காது, பெரும்பகுதியை வெளியே விட்டுவிடும். இன்னொன்று, வெளியிலாவது லேசாகக் காற்று அடித்தால் மேலேயிருக்கிற இளஞ்சூட்டுக் காற்று கீழே கலக்கும். மூடிய குடிலுக்குள் அதுவும் நடக்காது. அதனால் ஹீட்டர் இல்லாத பாலிதீன் குடில் சில ராத்திரிகளில் வெளியைவிட ஒரு டிகிரி அதிகமாகவே குளிர்ந்துபோகும். உங்கள் பலாமரம் அந்தச் செடிக்கு வானத்தை மறைத்தது. அவ்வளவுதான் அது செய்த காவல்.

ஆகவே செடிக்கும் பாலிதீனுக்கும் நடுவில் இன்னொரு கூரை வேண்டும். அலுமினியம் பூசிய நிழல்வலை கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் பழைய போர்வை, பருத்திச் சேலை, சணல் சாக்கு எதுவானாலும் சரி. சாயங்காலம் சூடு இறங்குமுன் இழுத்துவிட்டு, காலை ஒன்பது மணிக்குமேல் எடுங்கள். நீலகிரியில் தேயிலை நாற்றுகளைத் தாகைத் தழை போட்டு மூடுவதும் இதற்காகத்தான். படிக்காமலேயே அந்த ஜனங்கள் கண்டுபிடித்த வித்தை அது.

குடில் எங்கே நிற்கிறது என்பதையும் பாருங்கள். குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். மூணாறே மூன்று ஆறு கூடுகிற பள்ளம். சரிவின் மேலே இருக்கிற லயத்து முற்றத்தில் ரோஜா பூத்திருக்கும், கீழே ஓடைக்கரைப் புல் வெள்ளையாகக் கிடக்கும். பள்ளத்தில் குடில் இருந்து, கீழ்ப்பக்கம் வேலி அடைப்பாக இருந்தால், அங்கே ஒரு வழி திறந்துவிடுங்கள். குளிர் ஓடிவிடும்.

எங்க அம்மா வச்ச ஆந்தூரியம், கூடவே பத்துப் பதினஞ்சு ஆர்க்கிட். அம்மா இப்ப இல்ல. எதையாவது காப்பாத்த முடியுமா தம்பி? (சூரியநெல்லி)

முடியும் அக்கா, எல்லாவற்றையும் இல்லையென்றாலும். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், அவசரப்படாமல் பாருங்கள்.

ஆந்தூரியத்தின் அடித்தண்டை விரலால் அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. குருத்து அழுகியிருந்தாலும் தண்டின் கணுக்களில் முளைக்கிற கண் இருக்கும். கெட்டியான இடம் வரை வெட்டி, ஈரம் அதிகமில்லாத தேங்காய் மட்டைத் துண்டுகளில் வைத்து, வீட்டுக்குள் அடுப்படி ஓரமாக வையுங்கள். அம்மா வைத்த வேர் அதுவேதான், புது இலை மட்டும் வரும்.

ஆர்க்கிட்டில் கேட்லியா, டென்ட்ரோபியம் இரண்டுக்கும் அடியில் தூங்குகிற கண்கள் உண்டு. தண்டு கருகினாலும் அடி பச்சையாக இருந்தால் காத்திருங்கள். பலனோப்சிஸ்தான் மனதைக் கஷ்டப்படுத்தும். அது ஒரே குருத்தில் வளர்வது. குருத்து போனால் பெரும்பாலும் போனதுதான். வேர் மட்டும் வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் அடியிலிருந்து ஒரு குட்டி வரக்கூடும். வெட்டிய இடத்தில் சமையலுக்குப் போடுகிற இலவங்கப்பட்டைத் தூள் தொட்டு வையுங்கள். கடைக்காரர் தாமிரப் பூஞ்சைமருந்து கொடுத்தால் ஆர்க்கிட்டுக்கு அடிக்காதீர்கள், டென்ட்ரோபியத்துக்கு அது ஆகாது.

அம்மா சேர்த்ததில் சிம்பிடியம் இருந்தால் கவலை குறைவு. அது குளிர்ந்த ராத்திரியை விரும்பும், பூக்க அந்தக் குளிரே வேண்டும்.

அரளி மாதிரி இருக்குமே அடேனியம், அதோட அடி மெத்துன்னு ஆயிருக்கு.

மெத்தென்ற பகுதியைக் கெட்டியான வெள்ளைச் சதை தெரியும்வரை சீவி, ஒரு வாரம் நிழலில் உலர விடுங்கள். முழுக்க மெத்தென்றால் விட்டுவிடுங்கள். ஈழச்செம்பகம் (புளுமேரியா) என்றால் பால் வடிகிற இடம் வரை நுனியை வெட்டினால் போதும்.

ராத்திரி உள்ளே கரி அடுப்பு வச்சா போதாதா? (பூப்பாறை)

வேண்டாம். மூடிய இடத்தில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். மணம் இருக்காது. கங்கு கிளறப் போன ஆள் அங்கேயே விழுந்துவிடுவார். அரைகுறையாக எரிகிற தீயிலிருந்து எத்திலீன் வாயுவும் வரும், ஆர்க்கிட் மொட்டெல்லாம் உதிரும். ஒரு செடிக்காக உயிரைப் பணயம் வைக்காதீர்கள்.

அப்ப கரண்ட் ஹீட்டர்தான் வழியா? கட்டுப்படியாகலையே.

தண்ணீர் டிரம் வையுங்கள். 200 லிட்டர் டிரம் ஒன்றில் தண்ணீர் 18 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு இறங்கும்போது விடுகிற சூடு, 1000 வாட் ஹீட்டர் மூன்று மணி நேரம் எரிவதற்குச் சமம். கறுப்பு டிரம்மாகப் பார்த்து வெயில் படுகிற இடத்தில் நிறுத்துங்கள், பகலில் தானே ஏறிக்கொள்ளும். சின்னக் குடிலுக்கு நாலு டிரம், உள்ளே ஒரு போர்வைக் கூரை. நான் இப்போது இதைத்தான் நம்பியிருக்கிறேன். மதியத்தில் குடிலின் தரையை நனைத்துவிடுங்கள், ஈரமண் சூட்டைப் பிடித்து வைக்கும். இலையை நனைக்காதீர்கள்.

என் தம்பி அமெரிக்காவுல டல்லாஸ்ல இருக்கான். 2021-ல அவனோட கண்ணாடிக் குடில் மொத்தமும் போச்சு. ஹீட்டர் வச்சிருந்தும் போச்சே? (அடிமாலி)

அந்தப் பிப்ரவரியில் டல்லாஸில் கிட்டத்தட்ட மைனஸ் 19 டிகிரி. அதைவிடக் கொடுமை, டெக்சாஸ் மாநிலத்தில் பல லட்சம் வீடுகளுக்கு மின்சாரம் போனது. அங்கே பல பேர் சேர்த்த செடிகள் அப்படித்தான் போயின. ஹீட்டர் இருந்தும் அதற்குக் கரண்ட் இல்லை. கண்ணாடி நல்லதுதான், ஆனால் அந்தக் குளிரில் உள்ளே சூடு ஊட்டாவிட்டால் சில மணி நேரம்கூடத் தாங்காது. உங்கள் தம்பியிடம் குறை ஒன்றுமில்லை என்று சொல்லுங்கள். அடுத்த முறைக்குக் கரண்ட் தேவைப்படாத, புகை வெளியே போகிற கேஸ் ஹீட்டர் ஒன்று துணைக்கு இருக்கட்டும்.

எங்க ஊர்ல பனி உறையறதில்ல. ஆனா அக்லோனிமா இலையில கறுப்புத் திட்டு வருது. (குமுளி)

உறையாமலே குளிர் கொல்லும். வெப்பநாட்டுச் செடிகளில் பலவற்றுக்கு 10 டிகிரிக்குக் கீழே போனாலே போதும், சில நாள் கழித்துத் திட்டு வரும். வீட்டுக்குள் எடுங்கள். உச்சமும் நீசமும் காட்டுகிற வெப்பமானி ஒன்று வாங்கி, சுவரில் மாட்டாமல் செடி உயரத்தில் வையுங்கள்.

மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். மனசு வரல அண்ணே. (வட்டவடையிலிருந்து இன்னொருவர்)

எனக்கும் ஒரு வருஷம் வரவில்லை. குடிலுக்குள் போகவே இல்லை. பிறகு, முன்பு நான் ஒரு கொடித்துண்டு கொடுத்திருந்த பள்ளிக்கூட டீச்சர், அதே ஹோயாவிலிருந்து இரண்டு துண்டு வெட்டி ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து தந்தார். என்னிடம் ஒரு இலைகூட மிஞ்சாத செடி அது. இப்போது எது புதிதாக வந்தாலும் வேர் பிடித்ததும் முதல் துண்டை வேறு வீட்டுக்கு, முடிந்தால் மலைக்குக் கீழே இருக்கிற வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறேன்.

மார்ச் கடைசியில் ஹோயா, அலோகேசியா இரண்டும் பிரிக்கப் போகிறேன். உங்களுக்கு எடுத்து வைக்கிறேன். ஒரு கோடை மழை பெய்ததும் வாருங்கள், தொட்டி மட்டும் கொண்டுவாருங்கள்.