சம்பளம் ஏறினா பாப்பாவோட மெடிக்எய்ட் போயிடுமா?

நியூஜெர்சில இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "வீட்டுக்காரருக்கு வேலை போனப்போ 3 வயசு பொண்ணை என்ஜே ஃபேமிலிகேர்ல (நியூஜெர்சியோட மெடிக்எய்ட், அதாவது வருமானம் குறைஞ்ச குடும்பங்களுக்கு அரசு தர்ற ஹெல்த் இன்ஷூரன்ஸ்) சேர்த்தோம், இங்கயே பொறந்தவ. இப்ப அவருக்கு நல்ல சம்பளத்துல வேலை கிடைச்சிருக்கு, வீடும் மாறப் போறோம். உடனே கட் பண்ணிடுவாங்களா? அவளுக்கு ஸ்பீச் தெரபி நடந்துட்டிருக்கு."

உடனே கட் ஆகாதுங்க, பயப்படாதீங்க. 2024 ஜனவரி 1-ல இருந்து அமெரிக்கா முழுக்க இது சட்டம், 19 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்கள மெடிக்எய்ட்லயோ சிப்லயோ (மெடிக்எய்ட் வரம்புக்குக் கொஞ்சம் மேல வருமானம் உள்ள வீட்டுப் பிள்ளைங்களுக்கான அரசு இன்ஷூரன்ஸ்) சேர்த்துட்டா 12 மாசம் முடியற வரைக்கும் வருமானம் ஏறிடுச்சுன்னு நடுவுல நீக்கக் கூடாது. அதனால சம்பளம் மாறினத மறைக்க வேணாம், கேட்டா உள்ளத சொல்லுங்க. வேற ஸ்டேட்டுக்குப் போனா மட்டும் இந்தப் பாதுகாப்பு உங்களோட அங்க வராது, ப்ராஜெக்ட் மாறி டெக்சாஸ் போறீங்கன்னா அங்க புதுசா அப்ளை பண்ணணும். இந்த 12 மாசச் சட்டம் பிள்ளைங்களுக்காகப் போட்டது, உங்களுக்கு நின்னுபோச்சுன்னு லெட்டர் வந்தா பாப்பாவுக்கும் போச்சுன்னு நினைச்சு விட்டுடாதீங்க.

எனக்குக் கவலையே அந்த 12 மாசம் முடியறப்ப வர்ற ரினியூவல்தான், அதாவது தகுதி இன்னும் இருக்கான்னு மறுபடி பாக்கறது. கோவிட் சமயத்துல யாரையும் நீக்காம வச்சிருந்தாங்க, 2023 ஏப்ரல்ல அது முடிஞ்சு மறுபடி செக் பண்ண ஆரம்பிச்சதுல நாடு முழுக்க 2.5 கோடி பேருக்கு மேல கவரேஜ் இழந்தாங்க, அதுல 10-ல கிட்டத்தட்ட 7 பேரைத் தகுதி இல்லைன்னு முடிவு பண்ணி நீக்கல, ஃபார்ம் திரும்பி வரல, அட்ரஸ் மாறிடுச்சு, ஏதோ ஒரு பேப்பர் குறையுது, இந்த மாதிரி காரணம்தான். தகுதி இருக்கற குழந்தைக்கு ஒரு கவர் கைக்கு வராததால தெரபி நிக்கறது ரொம்ப அநியாயம்.

அதனால வீடு மாறுறதுக்கு முன்னாடியே ஃபேமிலிகேருக்கும் உங்க ஹெல்த் பிளானுக்கும் புது அட்ரஸ் சொல்லிடுங்க, அபார்ட்மென்ட் நம்பர் சரியா ஏறிருக்கான்னு திருப்பிப் படிச்சுக் காட்டச் சொல்லுங்க, அது விட்டுப்போயி லெட்டர் திரும்பிப் போறது சர்வசாதாரணம். ஃபார்ம் வந்தா அதுல போட்டிருக்கற தேதிக்குள்ள பே ஸ்டப்போட (சம்பள ரசீது) அனுப்பி காப்பி எடுத்து வைங்க. தவறிப்போய் கட் ஆயிட்டாலும் 90 நாளைக்குள்ள அதே ஃபார்மைக் கொடுத்தா போதும், புதுசா அப்ளை பண்ண வேண்டியதில்ல. தப்பா நிறுத்தறாங்கன்னு தோணினா நிக்கப் போற தேதிக்கு முன்னாடியே அப்பீல் போட்டு, முடிவு வர்ற வரைக்கும் கவரேஜ் தொடரணும்னு கேளுங்க.

சம்பளம் ஏறினதாலயே ரினியூவல்ல தகுதி போயிடும்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. நியூஜெர்சில பிள்ளைங்களுக்கு ஃபெடரல் வறுமைக் கோட்டுல (அமெரிக்க அரசு குடும்ப அளவுக்கு ஏத்த மாதிரி போடற வருமான அளவு) 355 சதவீதம் வரைக்கும் இடம் இருக்கு, நிறைய நடுத்தரக் குடும்பம் அதுக்குள்ள வந்துடும்.

நிஜமாவே லிமிட் தாண்டிட்டா, கவரேஜ் போன 60 நாளைக்குள்ள வீட்டுக்காரர் ஆபீஸ் பிளான்ல பாப்பாவைச் சேர்க்கலாம், ஓப்பன் என்ரோல்மென்ட் (வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற சேர்க்கை நேரம்) வரைக்கும் காத்திருக்க வேணாம், அந்த 60 நாளை விட்டாதான் சிக்கல். அந்த பிளான்ல இப்ப பாக்கற ஸ்பீச் தெரபிஸ்ட் நெட்வொர்க்ல இருக்காங்களா, தெரபிக்கு முன் அனுமதி வாங்கணுமா, வருஷத்துக்கு எத்தனை விசிட்னு எச்ஆர்கிட்ட இப்பவே கேட்டு வைங்க.