கல்லறைத் தோட்டத்துக்கு ஜேசிபி எதற்கு?

அன்புள்ள ஐயா,

சாத்தான்குளம் பக்கம் எங்கள் பனவிளையின் (பனந்தோப்பின்) நடுவில் குடும்பக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிந்து 23 கல்லறைகள். எல்லாம் செங்கல்லும் சுண்ணாம்பும். நான்கைந்துக்கு மட்டும் கல்பலகை. வாசிக்க முடிந்ததில் பழையது 1879. முப்பது வருடமாக யாரும் போகாததால் சீமைக் கருவேலம் மூடிக் கிடக்கிறது. வருகிற கல்லறைத் திருநாளுக்குள் சரிசெய்ய ஆசை. ஜேசிபி விட்டால் ஒரே நாளில் சுத்தமாகிவிடும் என்கிறார் சித்தப்பா. ஆசிட் ஊற்றிக் கழுவிச் சிமென்ட் பூசலாம் என்கிறார் கொத்தனார். எல்லாவற்றுக்கும் கறுப்புக் கிரானைட் பதிக்கப் பணம் தருகிறேன் என்கிறார் துபாயில் இருக்கும் அண்ணன். எதிலிருந்து தொடங்குவது?

– ஒரு வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று யோசனையும் கெடுதல்தான். ஆனால் ஆசிட் ஒரு பூச்சைத் தின்னும், கிரானைட் ஒரு கல்லறையை மூடும். ஜேசிபி தோட்டத்தையே முடித்துவிடும். ஆகவே முதலில் சித்தப்பாவிடம் பேசுங்கள்.

23 என்பது கட்டடம் எழுப்பிய கல்லறைகளின் கணக்கு. தாது வருஷப் பஞ்சம் 1876-78. அதை ஒட்டிய வருடங்களில் போன குழந்தைகளுக்குக் கட்டடம் எதுவும் இருந்திருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி உளுத்து மண் இறங்கிய நீள்சதுரப் பள்ளம், தலைமாட்டில் நட்ட ஒரு செதுக்காத கல், வரிசையாக முளைத்துக் கிடக்கும் சுடுகாட்டு மல்லி, இவைதான் அவர்களுக்கு அடையாளம். தரையைச் சமன் செய்தால் மூன்றும் போய்விடும். பள்ளங்களைக் கண்டால் நான்கு மூலையிலும் மூங்கில் குச்சி நட்டுக் கயிறு கட்டுங்கள். புதைந்த பலகை இருக்கிறதா என்று பார்க்க, முனை மழுங்கிய 6 மி.மீ. கம்பியை ஓரடி ஆழத்துக்கு மேல் போகாமல் மெதுவாக இறக்கினால் போதும். எங்காவது எலும்பு தென்பட்டால் அதே மண்ணைப் போட்டு மூடிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

வெட்டத் தொடங்கும் முன் பதிவு. ஒவ்வொரு கல்லறைக்கும் ஓர் எண், கோட்டுப்படத் தாளில் இடம், நான்கு பக்கமும் படம். எழுத்து மங்கியிருந்தால் சாக்பீஸையோ மாவையோ தேய்க்காதீர்கள். காலை 7 மணி, மாலை 5 மணிச் சாய்வெயிலில் எழுத்து தானாக எழும்பி வரும். நடுப்பகலில் பார்ப்பதானால் குடையால் நிழல் பிடித்து, ஆளுயரக் கண்ணாடியால் பக்கவாட்டில் ஒளியைத் திருப்புங்கள். பிறகு சேகரத்தின் (உங்கள் திருச்சபை வட்டாரத்தின்) அடக்கப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். நீங்கள் வாசித்த 1879 எந்த எண் வடிவில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். தமிழ் எண்ணானால் ௧௮௭௯ என்றும் இருக்கலாம், ஆயிரம், நூறு, பத்துக்குத் தனிக் குறி போட்டு ௲௮௱௭௰௯ என்றும் இருக்கலாம். இதைப் பெயின்டரிடம் கொடுத்து 'எடுப்பாக எழுது' என்றால், எண்ணை எழுத்தென்று நினைத்து 'கஅஎகூ' என்று எழுதிவைப்பார். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணா, றா, னை வடிவங்களையும் யாரும் திருத்தக் கூடாது. மங்கிய எழுத்தின்மேல் பெயின்ட் ஓட்டாமல் இருப்பதே நல்லது. வாசித்ததைத் தனியாக ஒரு சிறு பலகையில் எழுதி அருகில் நடுங்கள்.

இனி கருவேலம். இடைவெளியில் நிற்பவற்றை வேர்க்கழுத்துக்குக் கீழே, சுமார் ஓரடி தோண்டி வெட்டினால் மறுபடி துளிர்க்காது. தரைமட்டத்தில் வெட்டினால் நாலு கிளையாக வரும். கல்லறையை ஒட்டி நிற்பவற்றுக்குத் தோண்டவே கூடாது, தரையோடு அறுத்துவிட்டு, துளிர்க்கத் துளிர்க்கக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். செங்கல்லுக்குள் வேர் விட்ட அரசையும் ஆலையும் பிடுங்கினால் பாதிக் கல்லறை கையோடு வரும். வேர் விரல் கனமாக இருந்தால் அறுத்துவிட்டு, காய்ந்த பின் இடைவெளியில் சாந்து நிரப்பலாம். மணிக்கட்டுக் கனத்துக்குப் போயிருந்தால் அந்த வரிசைச் செங்கல்லுக்கு எண் போட்டுப் பிரித்து, வேரை எடுத்துவிட்டுத் திரும்ப அடுக்குங்கள். பூட்ஸும் நீளக் கம்பும் கட்டாயம். பொந்து விட்ட கல்லறை கண்ணாடி விரியனுக்கு நல்ல வீடு.

கல்லறைத் திருநாள் நவம்பர் 2. அப்போது வடகிழக்குப் பருவமழை நடந்துகொண்டிருக்கும். அதற்குள் பூசி முடித்தாக வேண்டும் என்று அவசரப்பட்டால் பச்சைச் சுண்ணாம்பை மழை கழுவிக்கொண்டு போகும். திருநாளுக்குள் முள் வெட்டுவது, பதிவு, கல்லறை அடியில் தண்ணீர் தேங்காமல் வாட்டம் எடுப்பது, இவ்வளவு போதும். பூச்சு வேலை ஜனவரி, பிப்ரவரியில்.

கொத்தனார் சொல்வதில் தவறு என்ன? சுண்ணாம்பில் ஆசிட் பட்டால் பொங்குகிறதே, பூச்சு கரைவதுதான் அது. மிச்சமாகும் உப்பு உள்ளே தங்கி ஈரத்தை இழுக்கும். கறுப்பாகப் படிந்திருப்பது பெரும்பாலும் பாசி. தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, நைலான் பிரஷ்ஷும் மரச் சீவுளியும் கொண்டு தேய்த்தால் வந்துவிடும். பிளீச்சிங் பவுடர், கம்பி பிரஷ், பிரஷர் வாஷர் எதுவும் வேண்டாம். சிமென்டின் கதை வேறு. நிலத்து ஈரமும் உப்பும் செங்கல் வழியாக ஏறிச் சுண்ணாம்பு வழியாக வெளியே மூச்சு விடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடும். சில வருடத்தில் தட்டினால் பொள்ளல் சத்தம் வரும்; பிறகு சிமென்ட் ஓடு செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழும். ஏற்கெனவே யாராவது சிமென்ட் பூசியிருந்து அது இறுகப் பிடித்திருந்தால், உடைத்து எடுக்காதீர்கள். பொள்ளலானதை மட்டும் சிற்றுளியால் எடுங்கள். கிரானைட்டும் டைல்ஸும் இதே அடைப்புதான், கூடவே பழைய எழுத்தும் உள்ளே போய்விடும்.

சாந்துக்கு உங்கள் கடலோரத்தில் கிடைக்கும் கிளிஞ்சல் சுண்ணாம்பே நல்லது. சுட்ட கிளிஞ்சலைத் தண்ணீருக்குள் போட வேண்டும். அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும். இப்படி நீற்றியதைச் சல்லடையில் வடித்து, மேலே நான்கு விரல் தண்ணீர் நிற்கும்படி மூன்று மாதம் மூடி வையுங்கள். ஜனவரி வேலைக்கு அக்டோபர் தொடக்கத்திலேயே நீற்றிவிட வேண்டும் என்று அர்த்தம். இப்படி ஊறிய சுண்ணாம்பு விழுதையும் 'புட்டி' என்பார்கள்; ஆனால் கடையில் 'வால் புட்டி' என்று தருவது வெள்ளைச் சிமென்ட் சரக்கு. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

சுண்ணாம்பு 1, கழுவிய ஆற்று மணல் 3; சீக்கிரம் இறுக, நன்றாகப் பொடித்த செங்கல் தூள் அரைப் பங்கு. கடல் மணலில் உப்பு. தேரி மணல் (உங்கள் பக்கத்துச் செம்மணல் மேட்டு மணல்) பொடி மணல், பிடிப்புக் கொடுக்காது. கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்க்கத் தெரிந்த கொத்தனார் கிடைத்தால் சேர்க்கட்டும். அளவு தெரியாதவர் கையில் கருப்பட்டி கூடினால் சாந்து இறுகாமல் எறும்புதான் வரும். 6 அடி நீளம், இரண்டரை அடி அகலம், 2 அடி உயரக் கல்லறை ஒன்றுக்குப் பூசும் பரப்பு சுமார் 49 சதுர அடி. முழுவதும் பூச வேண்டியிருந்தால் 20 லிட்டர் வாளியில் மணல் மூன்றரை, சுண்ணாம்பு ஒன்றேகால் வாளி பிடிக்கும். உங்களுக்கு முழுப்பூச்சு தேவைப்படாது. நிற்கிற பழைய பூச்சை விட்டுவிட்டு ஒட்டுப் போடுங்கள்.

சுவரைப் பூசுவதற்கு முந்தின நாள் மாலையே நனையுங்கள். ஒரு தடவைப் பூச்சின் கனம் 10 மி.மீ.க்கு மேல் போனால் வெடிக்கும். முதல் பூச்சு இறுகிய பின் 3 மி.மீ. மெல்லிய பூச்சு. ஈரச் சாக்கு போட்டுப் பத்து நாள் காப்பாற்றுங்கள். கோடைவெயில் நாளில் வேலையே வேண்டாம். வெடிப்பதற்குப் பாதிக் காரணம் சாந்தில் கூடுதல் தண்ணீர், மீதிப் பாதி அவசரமாகக் காய்வது. கடைசியாகப் பால்போல நீர்த்த சுண்ணாம்பை நான்கு தடவை அடியுங்கள். உப்பும் பசையும் கலக்க வேண்டாம், டிஸ்டெம்பரும் எமல்ஷனும் வேண்டாம்.

சாய்ந்த கல்பலகையைக் கடப்பாரையால் நெம்பாதீர்கள். 4 அடிக்கு 2 அடி, 4 அங்குலக் கனமுள்ள கருங்கல் 200 கிலோ அளவுக்கு வரும். மூன்று கால் சட்டம் நட்டு, துணிப்பட்டையில் செயின் பிளாக் (சங்கிலிக் கப்பி) மாட்டித் தூக்குங்கள். மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்கும்படி நிறுத்தி, ஜல்லியும் மணலும் இடித்து இறுக்குங்கள், கான்கிரீட் வேண்டாம். உடைந்த பலகையை ஒட்ட முயலாமல், துண்டுகளைப் பொருத்தி ஜல்லிப் படுகையில் படுக்க வையுங்கள்.

முப்பது வருடம் யாரும் போகாததற்குக் காரணம் பெரும்பாலும் வழியாகத்தான் இருக்கும். பனவிளை பாகமாகும்போது கல்லறைத் தோட்டம் யார் பங்கில், நடைபாதை எது என்று பத்திரத்தில் எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் சர்வேயரை வைத்து அளந்து, புல எண், நான்கு எல்லை, நடைபாதையின் அகலத்தோடு எழுதிப் பதிவு செய்யுங்கள். அண்ணன் தரும் பணத்தில் முதல் செலவு இது. அடுத்தது மாடு நுழையாத கம்பி வேலி. மிச்சம் இருந்தால் வருடம் இரண்டு தடவை கருவேலம் துளிர் வெட்டும் ஆளுக்குக் கூலி.

அன்புடன்.