கட்டைவிரல் ஆர்க்கிடுக்கு எங்கே தொட்டி?

கேள்வி: ஆகஸ்டில் பெங்களூரு லால்பாக் மலர்க் கண்காட்சிக்குப் போனபோது ஆசைப்பட்டு இரண்டு குட்டி ஆர்க்கிட் வாங்கி வந்தேன். ஒன்று மினி ஃபெலனாப்சிஸ், இன்னொன்றின் சீட்டில் ஹரேல்லா என்று இருக்கிறது, அது என் கட்டைவிரல் நீளம்தான். இரண்டுமே பாசி சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் கப்பில் இருக்கின்றன. மாற்றி வைக்கலாம் என்று நர்சரியில் கேட்டால் நாலு அங்குலத் தொட்டியை விடச் சின்னது இல்லை என்கிறார்கள். அதிலேயே வைத்துவிடலாமா?
– ஒரு வாசகி, அல்சூர்

பதில்: வைக்காதீர்கள். பெரிய தொட்டியில் வைத்தால் செடி வளர்ந்து அதை நிரப்பிக்கொள்ளும் என்று துளசிக்கும் ரோஜாவுக்கும் நினைப்பதைப் போலத்தான் நானும் நினைத்தேன், ஒரு மழைக்காலத்தில் மூன்று செடி போனது. இவை மரப்பட்டையில் ஒட்டிக்கொண்டு வாழ்கிற சாதி. வேரைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒரு உறை இருக்கும், மழை பெய்தால் அது சட்டென்று நீரை உறிஞ்சிக்கொள்ளும், அப்புறம் காற்று வேண்டும். குட்டிச் செடியை நாலு அங்குலத் தொட்டியில் வைத்தால் மேலே காய்ந்துவிட்டது போலத் தெரியும், நடுவில் ஒரு வாரத்துக்கு ஈரம் நிற்கும், வேர் அழுகிவிடும். அதனால் செடியின் உயரத்தைப் பார்க்காமல் வேர்க்கொத்தைப் பாருங்கள். அது அடங்கி, சுற்றிலும் கொஞ்சம் இடம் இருந்தால் போதும். ஹரேல்லாவுக்கு ஒன்றரை அங்குலம், மினி ஃபெலனாப்சிசுக்கு இரண்டு, மிஞ்சினால் இரண்டரை.

இந்த அளவுத் தொட்டிக்கு நர்சரியைச் சுற்றிப் பயனில்லை, சமையலறையில் தேடுங்கள். என்னுடைய முதல் ஓட்டு பிளாஸ்டிக் டீ வடிகட்டிக்குத்தான். இரண்டு அங்குல வாய், சுற்றிலும் வலை, நீர் தேங்கவே தேங்காது, பிடியை வளைத்து பால்கனி கிரில்லில் மாட்டிவிடலாம். காய்ச்சல் மருந்தோடு வரும் அளவு மூடி, ஐஸ்கிரீம் கப், மீன் தொட்டிக் கடையில் செடி நட விற்கும் சின்ன வலைக் கூடை, எல்லாமே சரிதான். கப்பாக இருந்தால் ஒரு கம்பியைச் சூடு காட்டி அடியில் நாலு, பக்கவாட்டில் நாலு ஓட்டை போடுங்கள் (ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்தப் புகை நல்லதல்ல). கண்ணாடி போலத் தெரிகிற கப் கிடைத்தால் விடாதீர்கள். வேர் வெள்ளி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கேட்கிறது, பச்சையாக இருந்தால் சும்மா விடுங்கள் என்று வெளியிலிருந்தே தெரிந்துவிடும்.

மண் பாத்திரந்தான் அழகு என்று நினைப்பீர்கள், நியாயம்தான். குயவர்கள் இருக்கும் பாட்டரி டவுன் உங்களுக்குப் பக்கம். தீபாவளிக்கு முன்னால் ஒரு நடை போய் வாருங்கள், ஆழமான அகல், குட்டித் தயிர்ச் சட்டி எல்லாம் கிடைக்கும். வாங்கும்போது விரலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நன்றாகச் சுட்டது. டீக்கடையில் தரும் குல்லட் என்கிற மண் கப்பைச் சேர்த்து வைத்து நட்டவர்களில் நானும் ஒருவன், அது ஒரு முறை குடித்துவிட்டுப் போட என்று சுடுவது, நாலு மாதத்தில் விளிம்பு உதிர ஆரம்பித்துவிட்டது. பளபளவென்று மெருகு பூசிய கோப்பை வேண்டாம், சுவர் வழியாகக் காற்று போகாது.

மண் சட்டியில் ஓட்டை போடுவதுதான் எல்லோரும் உடைத்துக்கொள்கிற இடம். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவிடுங்கள். காலையில் அடியில் ஒட்டும் நாடா ஒன்றை ஒட்டி, டிரில்லில் சுத்தியல் மாதிரி அடிக்கிற அமைப்பை அணைத்துவிட்டு, கான்கிரீட்டுக்குப் போடும் பிட்டில் 4 மி.மீ. மெதுவாக, அப்புறம் 8 மி.மீ. அழுத்தவே கூடாது, டிரில்லின் எடையே போதும். டிரில் இல்லாவிட்டால் தெருமுனை எலெக்ட்ரீஷியனிடம் கொடுங்கள், ஆனால் அவசரப்படாதவராகப் பாருங்கள்.

உள்ளே மண் ஒரு சிட்டிகைகூட வேண்டாம். சுண்டுவிரல் நக அளவுக்கு உடைத்த மரப்பட்டையும் அடுப்புக் கரியும் கலந்து போடுங்கள். தேங்காய் மட்டைத் துண்டு போடுவதென்றால் நாலைந்து நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பு போன பிறகுதான். மாற்றுவதற்கு நேரம் பூ இருக்கும்போது அல்ல, வேர் நுனி புதிதாகப் பச்சையாக நீளும்போது.

மண்ணா பிளாஸ்டிக்கா என்றால் செடியைக் கேட்காதீர்கள், உங்கள் கையைக் கேளுங்கள். காலையில் காபி டம்ளரோடு போய் எல்லாச் செடிக்கும் ஒரு வாய் ஊற்றுகிறவர் என்றால் மண், அதில் சீக்கிரம் காயும். வாரத்தில் இரண்டு நாள் மறந்துபோகிறவர் என்றால் பிளாஸ்டிக். ஹரேல்லா தைவான் காட்டுச் செடி, ஈரக்காற்றுக்குப் பழகியது, அதை அதிகம் காயவிட வேண்டாம்.

கேள்வி: என்னிடம் பத்துக் குட்டித் தொட்டி இருக்கிறது. மார்ச் வந்தால் காலையில் ஊற்றியது மதியத்துக்குள் காய்ந்துபோகிறது, காற்றடித்தால் உருண்டும் போகிறது. ஓரத்தில் வெள்ளையாக வேறு படிகிறது.
– ஒரு வாசகர், ராமமூர்த்தி நகர்

பதில்: குட்டித் தொட்டியில் இதுதான் கஷ்டம், இருக்கிற ஈரமே நாலு ஸ்பூன். ஒவ்வொன்றையும் அதைவிடச் சற்றுப் பெரிய மண் சட்டிக்குள் இறக்கி, இடையில் ஆற்று மணலை நிரப்பி, வெயில் காலத்தில் தண்ணீரை அந்த மணலுக்கும் ஊற்றுங்கள். சட்டி வியர்த்துச் சுற்றிலும் குளிர்ச்சியாக இருக்கும், பானைத் தண்ணீர் ஜில்லென்று இருப்பதும் இப்படித்தானே. வெளிச்சட்டிக்கும் அடியில் ஓட்டை வேண்டும், மறக்காதீர்கள்.

உருளுவதற்கு என் வீட்டில் செய்ததைச் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. பழைய இட்லித் தட்டு. குழியில் தொட்டி அசையாமல் உட்காரும், துளை வழியாக நீர் இறங்கும், கீழே கூழாங்கல்லும் தண்ணீரும் போட்ட தாம்பாளத்தை வைத்தால் ஈரப்பதமும் கிடைக்கும். பணியாரக் கல்லிலும் வைத்துப் பார்த்தேன், அதில் ஓட்டை இல்லாததால் ஏழு குழியிலும் கொசுப்புழு.

வெள்ளையாகப் படிவது போர்வெல் தண்ணீரின் உப்பு. மழை நீர் பிடிக்க முடிந்தால் அதை ஊற்றுங்கள். முடியாவிட்டால் மாதத்தில் ஒரு நாள் காவிரித் தண்ணீரைத் தொட்டிக்குள் தாராளமாக ஓடவிட்டு அலசுங்கள். ரொம்பப் படிந்துபோன மண் தொட்டி என்றால், செடியை வெளியே எடுத்த பிறகு, வினிகர் கலந்த தண்ணீரில் ஒரு நாள் போட்டுத் தேய்த்துக் கழுவலாம்.

கேள்வி: பாட்டி வைத்திருந்த பித்தளைக் குங்குமச் சிமிழ் ஒன்று இருக்கிறது. அதில் குட்டி ஆர்க்கிட் வைத்தால் அழகாக இருக்குமே?
– ஒரு வாசகி, மல்லேஸ்வரம்

பதில்: இருக்கும், செடிக்குத்தான் ஆகாது. பித்தளையில் இருக்கும் செம்பு ஈரத்தில் கரைந்து வேரைக் கருக்கும். செடியைக் கட்டையில் கட்டுவதற்குச் செம்புக் கம்பி வேண்டாம் என்பதும் அதனால்தான், தூண்டில் நரம்பு போதும். சிமிழை ஓட்டை போட்டுக் கெடுக்காதீர்கள். விருந்தாளி வருகிற நாளில் மட்டும் மருந்து மூடித் தொட்டியை அதற்குள் இறக்கி வைத்துவிட்டு, அவர்கள் கிளம்பியதும் எடுத்துவிடுங்கள்.