நடைபிணங்களைப் பற்றிய ஒரு பாடல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அயர்லாந்தின் கிரான்பெரீஸ் இசைக்குழு 1994இல் வெளியிட்ட ‘ஸொம்பி’ என்ற பாடல் இன்றும் நமது ஊர் இளைஞர்களின் கைபேசிகளில் ஒலிக்கிறது. அதன் அரசியல் பொருள் குறித்து மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு, கல்லடியில் நெடுங்காலம் ஆங்கில இலக்கியம் கற்பித்து ஓய்வுபெற்ற நான் இங்கே விடையளிக்கிறேன்.

களுவாஞ்சிகுடி, உயர்தர மாணவி: ஐயா, இப்பாடல் எந்த நிகழ்வைப் பற்றியது?

மகள், 1993 மார்ச் 20, சனிக்கிழமை, இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள வொறிங்ரன் நகரின் கடைத்தெருவில், குப்பைத் தொட்டிகளுக்குள், வட அயர்லாந்தில் பிரித்தானிய ஆட்சியை ஆயுதமேந்தி எதிர்த்த ஐ.ஆர்.ஏ. (ஐரிஷ் குடியரசுப் படை) இயக்கம் வைத்த இரண்டு குண்டுகள் அடுத்தடுத்து வெடித்தன. தொட்டிகள் வார்ப்பிரும்பினால் ஆனவை. ஆகவே தொட்டியே சில்லுசில்லாகச் சிதறித் தெருவில் நின்றவர்கள்மீது பாய்ந்தது. மறுநாள் அந்நாட்டில் அன்னையர் தினம். தாய்க்கு வாழ்த்து அட்டை வாங்கச் சென்றிருந்த 3 வயதுக் குழந்தை அங்கேயே இறந்தது. காற்சட்டை வாங்க வந்த 12 வயதுச் சிறுவன் ஐந்து நாட்களின் பின் இறந்தான். 50 பேருக்கு மேல் காயமடைந்தனர். அயர்லாந்தின் லிமரிக் பகுதியில் பிறந்த பாடகி டொலோரஸ் ஓ'றியோர்டன் அந்த மரணங்களின் துயரத்திலிருந்தே இப்பாடலை எழுதினார்.

செங்கலடி: பாடலில் 1916 என்ற ஆண்டு ஏன் வருகிறது?

அவ்வாண்டு உயிர்த்த ஞாயிறு வாரத்தில் டப்ளின் நகரில் பிரித்தானிய ஆட்சிக்கு எதிராக ஆயுதக் கிளர்ச்சி நடந்தது. அது சில நாட்களில் அடக்கப்பட்டது, தலைவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள், அந்த மரணங்களே கிளர்ச்சியைப் புனிதமாக்கின. 1921இல் தீவு பிரிக்கப்பட்டு, வடபகுதி பிரித்தானிய ஆட்சியிலேயே நின்றது. வடபகுதியில் 1960களின் இறுதியில் தொடங்கி 1998 உடன்படிக்கை வரை நீண்ட மோதலில் ஏறக்குறைய 3,500 பேர் மாண்டனர். ஒரு தலைமுறையின் கனவு அடுத்த தலைமுறையின் தலைக்குள் கேள்வியின்றி இறங்கிவிடுவதையே அந்த ஓர் ஆண்டெண் சுட்டுகிறது. இசையையும் கவனியுங்கள்: முதலிலிருந்து கடைசிவரை அதே நான்கு சுரக்கூட்டுகள்தாம் (chords) சுற்றிச் சுற்றி வருகின்றன. வெளியேற வழியில்லாத ஒரு வட்டத்தைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இசை அமைய முடியாது என்பது என் கருத்து.

ஆரையம்பதி, மொழிபெயர்ப்பில் ஆர்வமுள்ளவர்: ‘ஸொம்பி’யைப் ‘பேய்’ என்று தமிழாக்கலாமா?

கூடாது. பேய்க்குச் சொந்த விருப்பமும் கோபமும் உண்டு. இங்கே குறிக்கப்படுவது, சொந்த எண்ணம் இறந்தபின்னும் பழைய கட்டளைப்படி நடந்துகொண்டிருக்கும் உடல். நம்மிடம் ‘நடைபிணம்’ என்ற அருமையான சொல் இருக்கிறது. ஆனால் நாம் அதைப் பெரும்பாலும் கொன்றவனுக்குச் சொல்வதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தபின் உண்ணாமல் உறங்காமல் நடமாடும் தாய்க்கே சொல்கிறோம். தமிழில் அச்சொல்லை வைத்தவுடன் பாடலின் இன்னொரு பக்கமும் திறந்துகொள்கிறது. ஓ'றியோர்டனின் குரல் பல்லவியில் உடைந்து எழும் இடத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் செத்தவீட்டு ஒப்பாரியின் நினைவே வருகிறது. ஆகையால் ‘நடைபிணம்’ என்றே எழுதுங்கள்.

கல்முனை: இது ஐ.ஆர்.ஏ.யை ஆதரிக்கும் பாடல்தானே?

இல்லை. அவர்களுடைய குண்டு கொன்ற குழந்தைகளுக்காக எழுதப்பட்டது. பல்லவியை மட்டும் கேட்டு முடிவு கட்டாதீர்கள், சரணத்தை வாசியுங்கள்.

திருக்கோவில்: குழந்தைகளின் மரணம் கொடுமை. ஆனால் இராணுவம் சுட்டவர்களை இப்பாடல் ஏன் மறந்தது? 1972 ஜனவரி 30 அன்று வட அயர்லாந்தின் டெறி நகரில் குடிசார் உரிமைப் பேரணியில் சென்ற 13 பேரைப் பிரித்தானியச் சிப்பாய்கள் சுட்டுக்கொன்றார்களே!

இன்று வந்தவற்றில் மிகவும் கனமான கேள்வி இது. அன்று காயமடைந்த இன்னொருவரும் பின்னர் இறந்தார். அதே ஆண்டு நடந்த முதல் விசாரணை சிப்பாய்களைப் பெருமளவில் காப்பாற்றியது. கொல்லப்பட்டவர்கள் எவருக்கும் ஆபத்தாக இருக்கவில்லை என்பதை அரசு ஏற்று, பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்க 2010 ஜூன் வரை, 38 ஆண்டுகள், குடும்பங்கள் காத்திருக்க நேர்ந்தது. ‘ஸொம்பி’ இதைச் சொல்லவில்லை என்பது உண்மை. ஆனால் பெல்ஃபாஸ்ட் தெருக்களில் எடுக்கப்பட்ட அதன் காணொளியில், சுவரோவியங்களுக்கு முன்னால் துப்பாக்கியுடன் ரோந்து போகும் சிப்பாய்களும், அதே தெருவில் விளையாடும் சிறுவர்களும் காட்டப்படுகிறார்கள்.

திருக்கோவில், மீண்டும்: காட்டினால் போதுமா ஐயா? “இது நானல்ல, என் குடும்பமல்ல” என்று அமைதியான தெற்கிலிருந்து பாடுவது எளிது. 2023 ரக்பி உலகக் கிண்ணத்தில் அயர்லாந்து ரசிகர்கள் இதைப் பாடியபோது வடக்கிலிருந்து எதிர்ப்பு வந்ததும் இதனால்தானே?

ஆம், அந்த எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. வீட்டு வாசலில் சோதனைச் சாவடியோடு வளர்ந்தவருக்கு “என் குடும்பமல்ல” என்ற சொல் தம்மைக் கைகழுவி விடுவதாகவே ஒலிக்கும். வெற்றிக் களிப்பில் பல்லாயிரம் பேர் அதைப் பாடும்போது அந்த வலி இன்னும் கூடும்.

ஆயினும் அச்சொற்களை இன்னொரு விதமாகவும் கேட்க வேண்டும். குண்டு வைத்தவர்கள் அயர்லாந்து மக்களின் பெயரால் வைத்தார்கள். பாடகி அயர்லாந்துப் பெண். “என் பெயரால் இதைச் செய்யாதே” என்று சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது. அயலவரைச் சாடுவதைவிட அதற்கு அதிகத் துணிவு வேண்டும். நாம் வாழும் மண்ணிலேயே பாருங்கள். 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு செப்டெம்பர் 9 அன்று சத்துருக்கொண்டானில் பெண்களும் குழந்தைகளுமாகக் கொல்லப்பட்டார்கள். இரண்டாவதைப் பற்றித் தமிழராகிய நாம் உரத்துப் பேசுகிறோம், பேசவே வேண்டும். முதலாவது நம் பெயரால் செய்யப்பட்டது. அதை நோக்கி “இது என் பெயரால் ஆகாது” என்று நம்மில் எத்தனை பேர் அன்று வாய்விட்டுச் சொன்னோம்? நானும் சொல்லவில்லை.

காத்தான்குடி, ஆசிரியை: சேர், திருக்கோவில் சகோதரரின் கேள்வியும் சரி, உங்கள் பதிலும் சரி என்றே எனக்குப் படுகிறது. அப்படியானால் ஒரே பாடலில் இரு தரப்பின் துயரத்தையும் வைக்க முடியாதா?

முயன்றவர்கள் இருக்கிறார்கள், தங்கை. ஆனால் நான்கைந்து நிமிடங்களில் எல்லாருடைய இறந்தவர்களையும் ஏற்றினால் பெரும்பாலும் ஒருவருடைய முகமும் தெரியாமற் போகிறது. டெறிக்கு வேறு பாடல்கள் உண்டு. ஒரு பாடல் இரண்டு குழந்தைகளுக்காக அழலாம். அது மற்றவர்களின் மரணத்தை மறுக்காதவரை அதில் குற்றமில்லை.

வாழைச்சேனை: இப்பாடலால்தான் ஐ.ஆர்.ஏ. போர்நிறுத்தம் செய்ததாமே?

போர்நிறுத்தம் 1994 ஆகஸ்ட் 31. பாடல் வெளிவந்தது செப்டெம்பரில்.

அக்கரைப்பற்று: ‘போர்ன் இன் த யூ.எஸ்.ஏ.’ அமெரிக்க இராணுவத்தைப் புகழ்கிறதா?

இல்லை. 1984இல் வந்த அப்பாடல், வியட்நாமிலிருந்து திரும்பி வேலை கிடைக்காமல் அலையும் ஒருவனின் கதை. அதன் பல்லவியும் கொண்டாட்டம் போலத்தான் ஒலிக்கும். மேலே கல்முனை வாசகருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

ஏறாவூர்: ‘ஸொம்பி’ பயங்கரவாதத்துக்கு ஆதரவான பாடலா?

கல்முனை வாசகரின் கேள்வியே மீண்டும் வேறு சொற்களில் வருகிறது. அவருக்குச் சொன்ன பதிலை வாசியுங்கள்.

கல்லடி: கிற்றாரில் வாசிக்கக் கற்றுத் தருவீர்களா?

அது என் துறை அல்ல, தம்பி. இசை ஆசிரியர் ஒருவரை நாடுங்கள்.

பாண்டிருப்பு, தாய்: என் மகளுக்கு 12 வயது. பாடசாலை விழாவில் இதைப் பாட விரும்புகிறாள். அனுமதிக்கலாமா?

அனுமதியுங்கள், அம்மா. பாடுவதற்கு முன் வொறிங்ரன் கதையை அவளுக்கு நீங்களே சொல்லுங்கள். வாழ்த்து அட்டையை விட்டுவிடாமல் சொல்லுங்கள். மேடையில் அறிவிப்பவர் பாடகியின் பெயரோடு அந்த ஊரையும் திகதியையும் சேர்த்து வாசிக்கட்டும்.