வேகமான, அரிதான ஸ்டேஷன் வேகன் குடும்பத்துக்குச் சரிப்படுமா?

இரண்டு குழந்தைகள், ஒரு நாய், எஸ்யூவி பிடிக்கவில்லை, பழைய வால்வோ வி70 ஆர் ஸ்டேஷன் வேகன் (கூரை பின்பக்கம் வரை நீண்டு, டிக்கி பெரிதாக இருக்கும் கார்) வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வாங்கலாம். ஆனால் காரைத் தேடும் முன் அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக்கைத் தேடுங்கள்.

வேகனின் பலமே உயரம் குறைவு என்பதுதான். எடை தரைக்கு அருகில் இருப்பதால் வளைவுகளில் அவ்வளவாகச் சாயாது. காரில் ஏறினாலே வாந்தி எடுக்கும் பிள்ளை இருந்தால் இதன் அருமை புரியும். டிக்கி விளிம்பும் தாழ்வு. வயதான நாயைத் தூக்கி ஏற்ற வேண்டியிருக்காது, ஸ்ட்ரோலரையும் நெஞ்சுவரை தூக்க வேண்டாம்.

வேகத்துக்கும் குறைச்சல் இல்லை. 1994-இல் ஆடியும் போர்ஷேயும் சேர்ந்து செய்த ஆர்எஸ்2 அவான்ட் வேகனுக்கு 315 குதிரைத்திறன். அதே ஆண்டு வால்வோ தன் 850 வேகனை பிரிட்டிஷ் டூரிங் கார் பந்தயத்திலேயே இறக்கியது! நீங்கள் கேட்கும் வி70 ஆர், 2.5 லிட்டர் ஐந்து சிலிண்டர் டர்போ, 300 குதிரைத்திறன்.

சிக்கல் எல்லாம் ‘அரிதான’ என்ற சொல்லில். சாதாரண வி70-இன் பாகங்கள் பல பொருந்தும். ஆனால் மின்னணு ஷாக் அப்சார்பர் போனால் பர்ஸ் காலி. டைமிங் பெல்ட் (எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் பட்டை) மாற்றிய ரசீதைக் கேளுங்கள். நான்கு டயரும் ஒரே அளவில் தேய்ந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். நான்கு சக்கரத்துக்கும் எஞ்சின் விசை போகும் கார் இது, அதனால் அது முக்கியம். திருப்ப இடம் நிறைய வேண்டும், அதையும் ஓட்டிப் பாருங்கள். போகும்போது குழந்தை இருக்கையையும் எடுத்துப் போய் மாட்டிப் பார்த்துவிடுங்கள்.