தனியாளாக இண்டஸ்ட்ரியல் எலக்ட்ரானிக் இசை செய்யத் தொடங்குபவர் முதலில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

எந்திர ஒலிகளையும் சிதைத்த ஒலிகளையும் கொண்டு செய்யும் இந்த இசையைப் பற்றிக் கேள்வி கேட்டவர், தம்மிடம் ஒரு மடிக்கணினியும் ஒரு ஹெட்போனும் மட்டுமே இருப்பதாகவும், சில மாதங்களாகச் செய்துபார்த்த தடங்கள் (முழு இசைத் துண்டுகள்) எல்லாம் கனமில்லாத வெறும் இரைச்சலாகவே வந்து நிற்பதாகவும், அடுத்து எந்தக் கருவியை வாங்கினால் இது சரியாகும் என்றும் கேட்டிருக்கிறார். இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம் என்பதே என் பதில். தடத்தில் உள்ள எல்லா ஒலிகளையும் ஒரே அளவுக்குச் சிதைத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். நானும் அப்படித்தான் தொடங்கினேன் என்பதால் இவ்வளவு துணிந்து சொல்கிறேன்.

என் முதல் தடத்தில் கிக் (தாழ்ந்த டிரம் அடி), ஸ்நேர் (கூரிய டிரம் அடி), பேஸ் (தாழ்ந்த ஸ்வரங்கள்), குரல் என்று தனித்தனி அடுக்குகளாகப் பதினான்கு டிராக்குகள் இருந்தன. பதினான்கிலும் ஆளுக்கொரு டிஸ்டார்ஷன் பிளக்இன்னை (ஒலியைச் சிதைக்கும் துணை மென்பொருளை) போட்டிருந்தேன். அது போதாதென்று எல்லா டிராக்குகளும் வந்து சேரும் மாஸ்டரிலும் ஒன்றை வைத்திருந்தேன். நள்ளிரவில் ஹெட்போனில் கேட்டபோது கட்டடமே இடிந்து விழுவதுபோல இருந்தது. மறுநாள் காலையில் அதே கோப்பைச் சிறிய ஸ்பீக்கர் ஒன்றில் ஓடவிட்டால், தகர டப்பாவுக்குள் அடைபட்ட வண்டின் ரீங்காரம்தான் கேட்டது. சத்தத்தைக் கூட்டக் கூட்ட வண்டு பெரிதானதே தவிர, அடி விழவே இல்லை. அலைவடிவத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். தொடக்கம் முதல் இறுதி வரை மேடு பள்ளம் எதுவும் இல்லாத ஒரே செங்கல் போல இருந்தது.

டிஸ்டார்ஷன் என்பது அடிப்படையில் அலையின் உச்சியை வெட்டுவது. உச்சி வெட்டப்படும்போது உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் இடையிலுள்ள தூரம் குறைகிறது. ஆனால் காது ஓர் அடியை அடியாக உணர்வதே அதற்கு முந்தைய கணத்தோடு அதற்குள்ள வேறுபாட்டினால்தான். அதே சமயம், வெட்டப்பட்ட அலை, முன்பு இல்லாத அதிர்வெண்களைப் புதிதாக உண்டாக்குகிறது. 100 ஹெர்ட்ஸ் சைன் அலையை மேலும் கீழும் சமமாக வெட்டினால் 300, 500, 700 என்று ஒற்றைப்படை மடங்குகள் முளைக்கின்றன. ஒரு பக்கம் அதிகமாக வெட்டினால் 200, 400 என்ற இரட்டைப்படை மடங்குகளும் சேர்கின்றன. ஒரு ஒலிக்கு இப்படி நேர்ந்தால் அது செறிவாகும். பதினான்கு ஒலிகளுக்கும் நேர்ந்தால், எல்லாவற்றின் மடங்குகளும் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் வந்து குவிந்து ஒன்றையொன்று மறைக்கின்றன. கேள்வியில் நீங்கள் சொல்லும் இரைச்சல் பெரும்பாலும் இந்தக் குவியலாகத்தான் இருக்கும்.

ஆகவே முதலில் கற்க வேண்டியது, எதைச் சிதைக்காமல் விடுவது என்பது. கிக்கிலிருந்து தொடங்கலாம். கிக் டிராக்கை இரண்டாக நகலெடுங்கள். ஒன்றை எந்த எஃபெக்டும் இல்லாமல், 100 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள கனத்தைச் சுமப்பதற்காக அப்படியே விட்டுவிடுங்கள். மற்றதை மனம்போனபடி சிதைத்துவிட்டு, அதில் ஏறத்தாழ 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதையெல்லாம் ஃபில்டரால் வெட்டிவிடுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்து ஓடவிட்டு, சிதைந்ததன் அளவைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றுங்கள். ஃபில்டர் அலையின் கட்டத்தை (ஃபேஸ்) சற்று நகர்த்திவிடும் என்பதால், சேர்க்கும்போது அடி மெலிந்தால் ஒன்றின் போலாரிட்டியை, அதாவது அலையின் மேல்கீழை, திருப்பிப்போட்டு எது கனமாக இருக்கிறது என்று கேட்டு முடிவுசெய்யுங்கள். இதில் இன்னொரு பயனும் உண்டு: 50 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாத கைபேசி ஸ்பீக்கரில்கூட, மேலே முளைத்த மடங்குகளை வைத்துக் காது அந்த அடி ஒலியைத் தானாக ஊகித்துக்கொள்ளும்.

பேஸுக்கு நேர்மாறான ஒரு தந்திரம் இருக்கிறது. கிக்கையும் பேஸையும் ஒரே பஸ்ஸுக்கு (பல டிராக்குகள் சேர்ந்து போகும் பொது வழிக்கு) அனுப்பி, அங்கே ஒரே ஒரு டிஸ்டார்ஷனை வையுங்கள். கிக் விழும் ஒவ்வொரு முறையும் அது அந்த டிஸ்டார்ஷனின் இடத்தையெல்லாம் அடைத்துக்கொள்வதால் பேஸ் ஒரு கணம் தொண்டை அடைத்து மீள்கிறது. எந்திரம் மூச்சு வாங்குவதுபோன்ற அந்தத் துடிப்பு இந்த வகை இசையின் முக்கியமான சுவைகளில் ஒன்று என்பேன். இங்கே ஸ்வரங்களைக் குறைவாக வையுங்கள். இரண்டு ஸ்வரங்கள் ஒரே டிஸ்டார்ஷனுக்குள் போனால் அவற்றின் கூட்டலும் கழித்தலும் புதிய ஸ்வரங்களாக வெளிவரும்: 200, 300 ஹெர்ட்ஸ் என்றால் 100, 500 என்று இணக்கமாக வரும், 200, 212 என்றால் 12 ஹெர்ட்ஸில் ஓர் உதறல் வரும். அந்த உதறலை வேண்டுமென்றே வரவழைத்தால் நல்லது, தெரியாமல் வந்தால் சேறு.

ஒலிகளை எங்கிருந்து எடுப்பது என்பது அடுத்தது. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். இண்டஸ்ட்ரியல் என்ற பெயர், 1976-இல் லண்டனில் த்ராபிங் கிரிசில் குழுவினர் தொடங்கிய இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் பெயரிலிருந்து பரவியது. அந்தக் குழுவின் கிறிஸ் கார்ட்டர் தமக்கு வேண்டிய மின்னணுக் கருவிகளைத் தாமே சாலிடர் செய்து கட்டிக்கொண்டவர். ஷெஃபீல்டில் 1973-இல் தொடங்கிய காபரே வோல்டேர் குழுவினர் டேப்பை வெட்டியும் ஒட்டியும் சுழலவிட்டும் இசை செய்தார்கள். 1980-இல் மேற்கு பெர்லினில் உருவான ஐன்ஸ்டுர்ட்சண்டே நாய்பாவ்டன் குழுவினர் இரும்புத் தகடுகளையும் துளையிடும் எந்திரங்களையும் மேடையேற்றினார்கள். இவர்களுக்கெல்லாம் முன்பே, 1948-இல் பாரிஸில் பியர் ஷெஃபர் ரயில் ஒலிகளைப் பதிந்து தொகுத்து ஒரு படைப்பையே செய்திருந்தார். இவர்களிடம் இருந்த கருவிகள் கொஞ்சம்தான். ஆனால் ஒவ்வொரு ஒலிக்கும் பின்னால் கையால் தொட்ட ஒரு பொருள் இருந்தது. இன்று இண்டஸ்ட்ரியல் என்று பெயரிட்டு விற்கப்படும் ஆயத்த சாம்பிள் தொகுப்புகளில் எனக்குக் குறையாகப் படுவது அதுதான். யாரோ ஏற்கெனவே சிதைத்து, அழுத்தி, மெருகேற்றித் தந்த ஒலியில் நீங்கள் செய்வதற்கு எதுவும் மிச்சம் இருப்பதில்லை.

என் தடங்களில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்நேர், ஓர் இரும்பு மேசையின் இழுப்பறை. கைபேசியை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, ஒலிப்பதிவுச் செயலியில் இரைச்சல் நீக்கத்தை அணைத்துவிட்டு, இழுப்பறையை ஓங்கிச் சாத்திப் பதிந்தேன். அப்படியே கேட்டால் அது இழுப்பறைதான். யாரும் ஏமாற மாட்டார்கள். அதைப் பாதி வேகத்துக்குக் குறைத்தபோது ஸ்தாயி ஓர் ஆக்டேவ் இறங்கியது, ஒன்றரை வினாடி நீளமிருந்த அதிர்வு மூன்று வினாடி ஆனது, மேசை ஒரு கிடங்கின் கதவாக மாறியது. ஆனால் 48 கிலோஹெர்ட்ஸில் பதிந்ததைப் பாதி வேகத்தில் ஓட்டினால் 12 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே ஒன்றுமே இருக்காது என்பதால் அதன் முனை மழுங்கியிருந்தது. எனவே பழைய வேகத்திலிருந்த பதிவின் முதல் 30 மில்லிவினாடியை மட்டும் நறுக்கி முன்னால் ஒட்டினேன். மூக்கு ஒருவருடையது, உடம்பு இன்னொருவருடையது; கேட்பவருக்கு அது ஒரே பொருளின் ஒலி. இத்தனைக்கும் நான் அதில் டிஸ்டார்ஷன் எதையும் சேர்க்கவில்லை.

இதில் ருசி கண்டபிறகு அதிர்வை மின்சாரமாக மாற்றும் பீசோ தகடு ஒன்றைப் பொருளின் மேலேயே ஒட்டிப் பதியலாம். காற்றில் கேட்காத உள்ளதிர்வுகள் எல்லாம் அதில் வரும். ஆனால் அதைச் சாதாரண மைக் உள்ளீட்டில் செருகினால் கீழ் அதிர்வெண்கள் காணாமல்போய்த் தகரம்போல ஒலிக்கும். ஒரு மெகா ஓம் அளவிலான மின்மறுப்பு உள்ள கிட்டார் உள்ளீட்டில்தான் செருக வேண்டும்.

குரலைப் பற்றிப் பலரும் தவறாக நினைப்பது, கத்தினால்தான் கடுமை வரும் என்பது. மைக்குக்கு அருகில் தாழ்ந்த குரலில் பேசி, அதைக் கம்ப்ரஸ் செய்து (உரத்ததையும் மெல்லியதையும் நெருக்கி), ‘ஸ’கர ‘ஷ’கரச் சீறலை டீ-எஸ்ஸரால் அடக்கிய பிறகு டிஸ்டார்ஷனுக்கு அனுப்பினால், கத்தியதைவிட மிரட்டலாக இருக்கும். வரிசை முக்கியம், சீறலை அடக்காமல் அனுப்பினால் ஒவ்வொரு சீறலும் கண்ணாடிச் சில்லாக வந்து குத்தும். தமிழில் வரிகள் எழுதுபவருக்கு ஒரு வசதியும் இருக்கிறது. மெல்லினமும் இடையினமும் டிஸ்டார்ஷனில் கரைந்துபோனாலும், வெட்டு, முட்டு, பற்று என்று வல்லினம் இரட்டிக்கும் சொற்கள் தப்பிவிடுகின்றன. இரட்டிப்புக்கு நடுவே வாய் அடைபடும் அந்தச் சிறு மௌனம் தாளத்தில் ஒரு வெட்டாகவே கேட்கும்.

மௌனம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். 120 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 120 அடி) நான்கு அடி கொண்ட ஒரு பார் இரண்டு வினாடி நீளும். உச்சக்கட்டம் தொடங்குமுன் அரை பாருக்கு, அதாவது ஒரு வினாடிக்கு, ரிவெர்ப்பின் (எதிரொலிப்பின்) வால்கூட மிஞ்சாமல் எல்லாவற்றையும் அறுத்துவிட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு விழும் முதல் அடிக்குக் கிடைக்கும் கனத்தை எந்தப் பிளக்இன்னாலும் தர முடியாது.

தனியாளாகச் செய்வதில் உள்ள உண்மையான இடர், போதும் என்று சொல்ல யாரும் பக்கத்தில் இல்லாதது. தனியாகச் செய்வது இந்த இசையில் ஒரு குறையே இல்லை. நைன் இஞ்ச் நெயில்ஸ் என்ற பெயரில் 1989-இல் முதல் ஆல்பத்தை வெளியிட்ட ட்ரெண்ட் ரெஸ்னர், தாம் உதவியாளராகவும் துப்புரவுப் பணியாளராகவும் வேலைபார்த்த ஒலிப்பதிவுக்கூடத்தில் ஆளில்லாத நேரங்களில்தான் அதன் ஆரம்ப வடிவங்களைப் பெரும்பாலும் தனியாகவே பதிந்தார். ஆனால் அவருக்கு அந்தக் கூடம் காலியாக இருக்கும் நேரம் என்ற எல்லை இருந்தது. மடிக்கணினிக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. நான் ஒரே தடத்தை ஏழு மாதம் திருத்தியிருக்கிறேன். இரண்டாம் வாரத்துப் பதிப்புதான் சிறந்தது என்று பிறகு தெரிந்தது. இப்போது ஒரு தடத்துக்கு எட்டு டிராக்குகள், இரண்டு வாரம் என்று நானே வேலி போட்டுக்கொண்டிருக்கிறேன். எட்டுக்கு மேல் ஒன்று வேண்டுமென்றால் ஏற்கெனவே உள்ள ஒன்றை நீக்கியாக வேண்டும்.

மென்பொருள் பற்றி நீட்டிப் பேச எனக்கு ஆர்வமில்லை. எல்எம்எம்எஸ் இலவசம், ரீப்பரை 60 நாள் இலவசமாகச் சோதித்துப் பார்க்கலாம், சிந்தசைசருக்கு இலவசமான சர்ஜ் எக்ஸ்டி வருடக்கணக்கில் தாங்கும். எதை எடுத்தாலும் மாஸ்டரின் கடைசியில், ஒலி ஓர் அளவைத் தாண்டாமல் தடுக்கும் ஒரு லிமிட்டரை முதல் நாளே போட்டுவிடுங்கள். ஃபீட்பேக்கோடு (வெளிவரும் ஒலியையே மீண்டும் உள்ளே அனுப்புவதோடு) விளையாடும்போது ஒலி ஒரே கணத்தில் பலமடங்கு எகிறும், ஹெட்போன் காதில் இருக்கும். 85 டெசிபெலில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்பது பணியிடங்களுக்கான பரிந்துரைகளில் ஒன்று. ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும், 94 டெசிபெலில் ஒரு மணி நேரம்தான். இந்த இசையை உரக்கக் கேட்கத் தோன்றும் என்பது எனக்குத் தெரியும்; மிக்ஸ் செய்யும்போதாவது தணித்து வைத்துக்கொள்ளுங்கள்.

திரைப்பட வசனங்களை நறுக்கிச் சேர்ப்பது இந்த வகையின் பழைய வழக்கம். நானும் ஒரு வசனத்தைச் சேர்த்து வெளியிட்டு, மூன்றாம் நாள் அந்தத் தடம் நீக்கப்பட்டதாக அறிவிப்பு வந்து, வசனம் இல்லாமல் மறுபடி மிக்ஸ் செய்தேன். பிறர் பதிந்த ஒலி வேண்டுமென்றால் பார்சிலோனாவின் போம்பேயு ஃபப்ரா பல்கலைக்கழகம் நடத்தும் ஃப்ரீசவுண்ட் தளத்தில் தேடுங்கள். ஒவ்வொரு கோப்பின் உரிமத்தையும் தனித்தனியே படியுங்கள், ஏனெனில் சிலவற்றை வணிக நோக்கில் பயன்படுத்தக் கூடாது. வெளியிடும்போது சத்தத்தை உச்சத்துக்குத் தள்ள வேண்டியதில்லை. ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகள் ஏறத்தாழ −14 எல்யுஎஃப்எஸ் (காது உணரும் சராசரி உரப்பின் அளவுகோல்) அளவுக்குத் தாமே குறைத்துவிடுவதால், கூடுதலாக நசுக்கியதில் அடியை இழந்ததுதான் மிச்சமாகும்.

இதுவரை செய்த தடங்களை அழித்துவிடாதீர்கள். அவற்றில் ஒன்றைத் திறந்து, எல்லா டிஸ்டார்ஷன்களையும் அணைத்துவிட்டு, கிக்கும் பேஸும் மட்டும் ஒரு நிமிடம் சலிக்காமல் ஓடுகின்றனவா என்று கேளுங்கள். ஓடவில்லை என்றால் சிக்கல் தாளத்தில் இருக்கிறது; அதைத் திருத்திய பிறகே மற்றவை. ஓடுகிறது என்றால் டிஸ்டார்ஷன்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டு, மூன்றாவதோடு நிறுத்திவிட்டு, மறுநாள் காலையில் சிறிய ஸ்பீக்கரில் கேட்டுப் பாருங்கள்.