ஹெல்மெட் இண்டர்காம் மலை வளைவுகளில் ஏன் அறுந்துபோகிறது?

ஹெல்மெட் இண்டர்காம் என்பது மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் வண்டி ஓட்டும்போதே தங்களுக்குள் பேச உதவும் சிறு வானொலிக் கருவி. பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் இயங்குகின்றன. அந்த அலை பாறையைத் தாண்டாது. தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து டிராக்கன்ஸ்பர்க் மலைப் பக்கம் போகும்போது முன்வண்டி வளைவில் மறைந்ததும் குரல் கரகரப்பது இதனால்தான். பெட்டியில் போட்டிருக்கும் தூரம் திறந்தவெளிக்கானது.

புளூடூத் இண்டர்காம் வரிசையாக நின்று தண்ணீர்க் குடம் கைமாற்றுவது போன்றது. நடுவில் ஒருவர் விலகினால் அப்பால் தண்ணீர் போகாது. மெஷ் (வலைப்பின்னல்) முறையில் குரல் அருகிலுள்ள வேறொரு வண்டி வழியாகத் தானே பாதை தேடிக்கொள்ளும். நான்கு பேருக்கு மேல் போகும் குழுவுக்கு மெஷ்தான் சரி. ஆனால் வெவ்வேறு நிறுவனங்களின் மெஷ் பெரும்பாலும் ஒன்றோடொன்று சேராது. வாங்குமுன் கூட வருபவர்களிடம் கேளுங்கள்.

குரல் மெலிதாகக் கேட்டால் உடனே ஒலியைக் கூட்டாதீர்கள், ஆம்புலன்ஸ் சத்தமே காதில் விழாமல் போகும். முதலில் ஸ்பீக்கர் காதுத்துளைக்கு நேரே இருக்கிறதா பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் விலகினாலே வித்தியாசம் தெரியும். மைக்கின் பஞ்சுறை கழன்றிருந்தால் எதிராளிக்குக் காற்றிரைச்சல்தான் கேட்கும்.

கைபேசி சிக்னல் இல்லாத இடத்தில் இது வேலை செய்யாது என்று பலர் நினைக்கிறார்கள். வண்டிக்கு வண்டி பேச அந்தச் சிக்னல் தேவையே இல்லை.